பர்கர் கடையில் நான்கு நாள் வேவு

அன்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காள் கணவன் எழுதிக்கொண்டது. நான் உயிரோடு இருக்கிறேன். நலமாக இருக்கிறேன் என்று எழுதத்தான் கை வரவில்லை. அங்கே நீங்கள், உங்கள் மனைவி, பிள்ளைகள், போன மாதம் வாங்கிய துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் தகராறு இல்லாமல் ஓடிக்கொண்டிருப்பதாக நம்புகிறேன். இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படியுங்கள். உட்கார்ந்துகொண்டு படியுங்கள். உங்கள் அக்கா கண்ணில் பட்டால் நம் இரண்டு பேர் கதையும் கந்தல்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். என் அறையில் இன்னொரு கட்டில் இருக்கிறது, அதில் மருந்துக்கடைக்காரர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது. தவிர, முப்பத்தொரு வருடம் எடையளவு ஆய்வாளராக இருந்தவன் நான். வாயால் சொன்னால் அது வம்பு, எழுதிக் கொடுத்தால்தான் அறிக்கை. எங்கள் சுற்றுலாக் குழுவில் முட்டி வலி தாங்காமல் ஒரு அம்மாள் நாளை பாதியிலேயே ஊர் திரும்புகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் சொன்ன யோசனைப்படிதான் எல்லாம் செய்தேன். "அத்தான், பையனைப் பத்தி நாலு பேர்கிட்ட விசாரிக்கிறதுக்கு, நீங்களே போய் நேர்ல பாத்துட்டு வந்துடுங்க. சுற்றுலான்னு சொல்லிடுங்க, அக்காவுக்கும் சந்தேகம் வராது" என்றீர்கள். வந்தேன். பாப்பா கட்டிக்கொண்டால் அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாளே, அந்தப் பையன் இந்த ஊரில் அமெரிக்க பர்கர் கடை ஒன்றில் மேற்பார்வையாளர் என்பது உங்களுக்குத் தெரியும். ரயில் நிலையத்துக்கு எதிரே கடை, காலை ஷிப்ட், கண்ணாடி போட்டிருப்பார், மேற்பார்வையாளர் என்பதால் சிவப்பு டை கட்டியிருப்பார். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த அடையாளம். பாப்பா போட்டோவைக் காட்ட வந்தபோது கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "அப்பா, ஸ்டேஷன்ல எந்த வாசல்னா..." என்று அவள் மேலே சொல்ல ஆரம்பித்தபோது துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டேன். அந்தக் கோபம் நியாயமானதுதான் என்பதை இந்தக் கடிதத்தின் முடிவில் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

வேவின் முதல் நாள் காலை குடை பிடித்த வழிகாட்டிப் பெண்ணின் பின்னால் எல்லாரும் அருங்காட்சியகம் போனார்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். மருந்துக்கடைக்காரர் உடனே பையைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்து, நான் விழுங்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். தினமும் ஒரு பொய், தினமும் ஒரு மாத்திரை. மூன்றாம் நாள் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது, வயிறு உண்மையாகவே கல்லாகிவிட்டது. அது கிடக்கட்டும். அவர்கள் போனதும் நானும் கிளம்பி, சுரங்க ரயிலில் ஏறி, எந்த எழுத்தும் புரியாமல், நிலையங்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டே போய், ஆறாவதில் இறங்கி, நகரும் படிக்கட்டில் நாலு பேர் காலை மிதித்து மேலே வந்தால், எதிரே அந்தக் கடை. மச்சான், உண்மையைச் சொல்கிறேன், சொந்தக்காரர் யாரோ வாசலில் நின்று கையாட்டுவது போல இருந்தது. இரண்டு நாளாக ஓட்டலில் என்ன தருகிறார்கள், அது ஊர்வதா நீந்துவதா என்று தெரியாமல் வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தவன் நான். இங்கே பார்த்தால் நம் பழைய அலுவலகத்துக்கு எதிரில் இருக்கிறதே அதே கடை, பாப்பா முதல் சம்பளத்தில் என்னைக் கூட்டிப்போனாளே அதே கடை. அதே மஞ்சள் நாற்காலி, அதே பளபளப்பான படம், கதவைத் திறந்ததும் அதே எண்ணெய் வாசனை. நான்கு விரலைக் காட்டினேன், அதே நாலாம் நம்பர் தட்டு வந்தது. பர்கரை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். என் கை ஐந்து கிராம்கூடப் பிசகாது என்பது எங்கள் இலாகாவுக்கே தெரியும். ஊரில் இருந்த அதே எடை! இத்தனை கடல் தாண்டியும் ஒரு குந்துமணி குறையவில்லை. இந்தக் கடைக்காரனை நம்பலாம் என்று அப்போதே முடிவு செய்தேன். குவளையில் மட்டும் பாதிக்குப் பாதி பனிக்கட்டி. வெந்நீர் தவிர வேறெதுவும் தொண்டையில் இறங்காது எனக்கு. வெந்நீரை எப்படிச் சைகையில் கேட்பது? ஊதிக் காட்டினேன், பலூன் கொடுத்தார்கள். ஏசிக்குக் கீழே ஜன்னலோர மூன்றாவது மேசையில் உட்கார்ந்து, பனிக்கட்டிகளை ஒவ்வொன்றாகக் கரண்டியால் வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டே வேவு பார்க்க ஆரம்பித்தேன்.

ஆளைக் கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை. கடையில் சிவப்பு டை ஒன்றுதான். கண்ணாடி இருந்தது. மாநிறம், மீசை, நம் ஆள் சாடை அப்படியே. ஆய்வுக்குப் போகிறவன் தான் யாரென்று காட்டிக்கொள்ளக் கூடாது, பெயர் கேட்கக் கூடாது, பார்க்க மட்டும்தான் வேண்டும் என்பது என் தொழில் விதி. ஆனாலும் அவர் மேசை துடைக்க வந்தபோது ஆசை விடவில்லை. "என்ன தம்பி, கூட்டம் ஜாஸ்தியா?" என்று நம் மொழியில் ஒரு தூண்டில் போட்டேன். ஒரு நொடி என்னைப் பார்த்தார். சிரித்தார். தக்காளி சாஸ் பொட்டலம் நான்கை என் தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு வருடம் வெளிநாட்டில் இருந்ததிலேயே பேச்சு மறந்துவிட்டதா, அல்லது மறந்தது மாதிரி நடிப்பா? அதையும் குறித்துக்கொண்டேன். மறுநாள் "தம்பி, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். ஆறு பொட்டலம்.

இரண்டாம் நாள்தான் என் தலையில் கல் விழுந்தது. உருளைக்கிழங்கு பொரிக்கும் இடத்தில் ஒரு பெண் வேலை செய்கிறாள். இவர் அவள் பக்கத்தில் போய் நின்று, அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த உப்பைத் தன் விரலால் தட்டிவிட்டார். மேற்பார்வையாளர் உப்பைத் தட்டலாம், ஆனால் கன்னத்தில் உள்ள உப்பை ஏன் தட்ட வேண்டும்? சரி, இந்த ஊர்ப் பழக்கம் எதுவோ என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு மூன்று வயசுக் குட்டி ஒன்று ஓடி வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டது. அவர் அதைத் தூக்கிச் சுற்றினார். பொரிக்கிற பெண் ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டு வந்தாள். மூன்று பேரும் கைகோத்துக்கொண்டு வெளியே போனார்கள். நடுவில் குழந்தை, ஊஞ்சலாடிக்கொண்டு.

மச்சான், நாற்காலியைப் பிடித்துக்கொண்டீர்களா? கல்யாணமாகிக் குழந்தையும் இருக்கிறது!

அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது, ஒரே தராசை மூன்று தடவை சோதித்தவன் நான் என்று மூன்றாம் நாளும் போனேன். அன்றைக்கு அந்தக் குட்டி சீக்கிரமே வந்துவிட்டது. நேராக என் மேசைக்கு வந்து எதிரே ஏறி உட்கார்ந்துகொண்டது. நான் முறைத்தேன். அது என் தட்டிலிருந்து ஒரு உருளைக்கிழங்கை எடுத்துத் தின்றது. இரண்டாவதை எடுத்து என் வாயில் வைத்தது. நான் என்ன செய்வது? பர்கர் சுற்றிய காகிதத்தில் ஒரு கப்பல் செய்து கொடுத்தேன். என் மகள் வாழ்க்கையில் மண்ணைப் போட வந்த குழந்தைக்கு நானே கப்பல் செய்து கொடுத்து, அது ஊட்டியதையும் தின்றேன் என்பதை நினைத்தால் எனக்கே என் மேல் வெறுப்பாக இருக்கிறது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் பார்த்தார். சாஸ் பட்டுவிட்டது என்று சைகை காட்டினேன். அவரும் இரண்டு பொட்டலம் கொடுத்தார்.

நான்காம் நாளான இன்று காலையும் போய்ப் பார்த்தேன். அதே உப்பு, அதே கன்னம். இனி சந்தேகத்துக்கே இடமில்லை.

இப்போது என் கவலை அந்த ஆள் இல்லை, பாப்பாதான். அவள் காட்டிய போட்டோவைத்தான் நான் பார்க்கவில்லை, அவனைப் பற்றிப் பேசும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்பதைப் பார்க்காமல் இல்லை. அந்த முகத்தைப் பார்த்து இதை எப்படிச் சொல்வது? சொன்னாலும் நம்புவாளா? "அப்பாவுக்கு ஆரம்பத்துலேருந்தே பிடிக்கல, அதான் கதை கட்டுறார்" என்பாள். அவளுக்கு என் உள்ளங்கைமேல் நம்பிக்கை உண்டு, என் வாய்மேல் கிடையாது. அதனால் நீங்கள்தான் கை கொடுக்க வேண்டும். அடுத்த மாதம் பையன் வீட்டார் பேச வருவதை எப்படியாவது தள்ளிப்போடுங்கள். வீட்டுக்கு பெயின்ட் அடிக்கிறோம், குழாய் உடைந்துவிட்டது, எனக்கு வெளிநாட்டில் வயிறு கெட்டுவிட்டது, எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள். கடைசியாகச் சொன்னது பொய்யும் இல்லை. உங்கள் அக்காவிடம் மட்டும் நான் வந்து சொல்லிக்கொள்கிறேன், அதற்குள் அவள் கையில் பாத்திரம் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உங்கள் மனைவிக்கு என் வணக்கம். வீட்டுப் பெரியவர்கள் யாராவது என்னைக் கேட்டால், அருங்காட்சியகம் மிகவும் பெரியதாக இருந்ததாகச் சொல்லவும்.

நெஞ்சில் பாரத்தோடு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் நம்பாதீர்கள். கிழித்துவிட்டுப் புதிதாக எழுதியிருப்பேன், ஆனால் அறிக்கையில் அடித்தல் திருத்தல் கூடாது என்பது பழக்கமாகிவிட்டது. உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன்.

ரயில் நிலையத்துக்குள் இருக்கும் காகிதக் கடையில் கவர் வாங்கி ஒட்டிக்கொண்டிருந்தேன். வெளியே பேய் மழை. குடைகளோடு ஒரு பெருங்கூட்டம் உள்ளே வந்து, என்னைத் தள்ளிக்கொண்டே போய், ஏதோ ஒரு வாசலில் விட்டது. எதிரே கடை தெரிந்தது. ஓடிப்போய் நுழைந்தேன். என் மூன்றாவது மேசையில் வேறு ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ஆவி பறக்க ஒரு குவளை. காகிதக் கப்பல் வாங்கிய குட்டியும் இல்லை, பொரிக்கும் இடத்தில் அந்தப் பெண்ணும் இல்லை, அங்கே தாடி வைத்த ஆள் நின்றான். அப்போது ஒல்லியாக, கண்ணாடி போட்டு, சிவப்பு டை கட்டிய ஒரு பையன் என் பக்கம் வந்தான்.

"வாங்க சார். இப்படி நனைஞ்சிட்டீங்களே! உக்காருங்க, வெந்நீர் கொண்டு வரட்டுமா?" என்றான். நம் மொழியில்.

மச்சான், அந்த நிலையத்துக்கு இரண்டு வாசல். இரண்டு வாசலுக்கும் எதிரே ஒவ்வொரு கடை. அதே போர்டு, அதே கதவு, அதே மஞ்சள் நாற்காலி. நான் நான்கு நாள் உட்கார்ந்திருந்தது மேற்கு வாசல். பாப்பா சொல்ல வந்தது கிழக்கு வாசலாக இருக்க வேண்டும். நான் வேவு பார்த்தது யாரோ ஒரு நல்ல மனிதரை. தன் மனைவி கன்னத்து உப்பைத் தட்டிவிட்டு, தன் குழந்தையைத் தூக்கிச் சுற்றிய மனிதரை.

வெந்நீர் வந்தது. அந்தப் பக்கத்துக் கிழவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எல்லாருக்குமா தம்பி வெந்நீர்?" என்று மெல்லக் கேட்டேன்.

"பெரியவங்களுக்கு மட்டும் சார். நான் கட்டிக்கப்போற பொண்ணோட அப்பா, சுற்றுலான்னு சொல்லிட்டுக் கிளம்பினாலும், இந்த வாரம் கண்டிப்பா இங்க வருவாராம். ஆனா யாருன்னு சொல்ல மாட்டாராம், நானும் கேட்கக் கூடாதாம். அவ சொல்லிட்டா. வெந்நீர்தான் குடிப்பாராம்."

"போட்டோ வாங்கி வச்சுக்க வேண்டியதுதானே?"

"கேட்டேன் சார். 'எங்கப்பா உன் போட்டோவைப் பாக்கல, நீயும் அவர் போட்டோவைப் பாக்கக் கூடாது, தராசு சமமா இருக்கட்டும்'னு சொல்லிட்டா. அதான் வயசானவங்க யார் வந்தாலும் முதல்ல நம்ம மொழியில கூப்பிட்டு, ஒரு குவளை வச்சிடறேன். பதில் வரலைன்னா அவங்க மொழி."

"இதுவரைக்கும் எத்தனை பேர்?"

"நீங்க பதினெட்டாவது சார். அவரா இல்லாட்டியும் பரவாயில்ல, வெந்நீர் வீணாகிறதில்ல."

நான்தானப்பா அந்த ஆள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது "நாலாம் நம்பர்" மட்டும்தான். கொண்டுவந்து வைத்தான். எடை சரியாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவன் ஒரு சாஸ் பொட்டலமும் கொடுக்கவில்லை, ஒரு கைக்குட்டைக் காகிதத்தை மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, கதவைத் திறந்து வந்த பத்தொன்பதாவது கிழவரை வரவேற்கப் போய்விட்டான்.

ஆகவே யார் வருவதையும் தள்ளிப்போட வேண்டாம். பெயின்ட் மட்டும் உண்மையாகவே அடிக்கச் சொல்லுங்கள். நாளை காலை முதல் வேலையாகப் போய், பதினெட்டாவது ஆள்தான் அந்த ஆள் என்று சொல்லிவிடப் போகிறேன். மறுபடியும் தப்பான கடையில் போய் நின்று, அந்தக் குட்டியின் அப்பாவைக் கட்டிப்பிடித்து மாப்பிள்ளை என்று அழுதுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால் 'கிழக்கு வாசல்' என்று உள்ளங்கையில் பேனாவால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். நாளை அவனைப் பார்க்கும்வரை இந்தக் கையைக் கழுவுவதாக இல்லை.