காலி டப்பாவும் இருபது பூஜ்யங்களும்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம், ஓயாத இருமலைத் தவிர. அது உங்கள் பயிற்சி அறையின் தூசி. அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மரியாதை இத்துடன் முடிந்தது.

காசநோய்ப் பணியாளர்களுக்கு நீங்கள் நடத்திய ஐந்து நாள் பயிற்சியை மதிப்பிட, லேப் ஆளான என்னைக் கூப்பிட்டது நீங்கள்தான். கொடுத்த படிவத்தில் இருந்த கேள்விகள்: மின்விசிறி சுற்றியதா, தேநீர் சூடாக இருந்ததா, உங்கள் குரல் கடைசி வரிசைக்குக் கேட்டதா. இருபது பேரும் எல்லாவற்றுக்கும் 'மிக நன்று' போட்டுவிட்டார்கள், அந்த அறையில் இல்லாத மின்விசிறிக்கும் சேர்த்து. படிவத்தை ஓரங்கட்டிவிட்டு மேசைமேல் ஒரு காலி டப்பாவை வைத்து, "நான்தான் நோயாளி. சளி எப்படிக் குடுக்கணும்னு சொல்லுங்க" என்றேன். பத்தொன்பது பேர் வரிசையாக வந்து "இதுல துப்புங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். ஆளுக்கொரு பூஜ்யம் போட்டேன். துப்பினால் வருவது எச்சில் மாமா, அதில் கிருமியைத் தேடித்தேடி என் கண்தான் பூத்துப்போகிறது, நோயாளியோ 'ஒன்றுமில்லை' என்ற சீட்டோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகள் முகத்தில் இருமுகிறான். இருபதாவதாக வந்தவர், எல்லோரும் வாயாடி அக்கா என்று கூப்பிடும் அம்மாள். டப்பாவைத் தொடவேயில்லை.

"ஏன் தம்பி, எத்தனை நாளா இருமுறே?"

"கேள்வி கேக்கறது நானு."

"அது சரி. எடை குறைஞ்சிருக்கா? பேன்ட்டக் கையால புடிச்சிக்கிட்டே நிக்கிறே."

அவருக்கும் பூஜ்யம்.

ஆக இருபது பூஜ்யம். 'மிகச் சிறப்பு' என்று மாற்றி எழுதாவிட்டால் வேலையை மறந்துவிடு என்று போனில் மிரட்டினீர்கள். மறந்துவிடுகிறேன். அம்மாவிடம் சொல்வேன் என்றீர்கள். உங்கள் அக்காதானே, தாராளமாகச் சொல்லுங்கள். ஒரு பூஜ்யத்தையும் அடிக்க மாட்டேன்.

அத்தைக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். நீங்கள் நீண்ட ஆயுளோடு இருந்து, அடுத்த பயிற்சியிலாவது டப்பாவைக் கண்ணில் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
வளையாத மருமகன்

பி.கு.: கடிதத்தை ஒட்டிவைத்து நான்கு நாளாயிற்று. பிரித்து எழுதுகிறேன். வாயாடி அக்கா வீடு தேடி வந்து ஒரு டப்பாவைக் கையில் திணித்தார். நான் கொடுத்ததைப் பார்த்துவிட்டு, "இது எச்சில். நீயெல்லாம் லேப்காரன். மூச்சை நல்லா இழுத்து, நெஞ்சுக்குள்ளேருந்து இருமி எடு" என்று திருப்பித் தந்தார். எடுத்தேன். கிருமி இருக்கிறது, மாத்திரை ஆரம்பித்தாயிற்று. பிள்ளைகளுக்கு எழுதிய முத்தம் ரத்து. அக்காவின் பூஜ்யத்தை அடித்து என் பெயருக்கு நேராக எழுதிவிட்டேன். மற்ற பத்தொன்பதும் அப்படியே இருக்கும். பயிற்சி நடந்த ஐந்து நாளும் நீங்களும் நானும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரே காரில் போனோம். போனில் மிரட்டும்போது நடுவில் நீங்களும் மூன்று தடவை இருமினீர்கள். அதனால் இந்தக் கடிதத்தை அக்கா கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். இன்னொரு கையில் டப்பா இருக்கும். எப்படி இருமுவது என்று அவரே சொல்லித் தருவார். உங்கள் பாடத்தில் அது இல்லை.