தலைவியின் காது

கூட்டம் கலைந்து, மடக்கு நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் லேப்டாப்பின் அருகே திறந்து கிடந்த மூக்குக்கண்ணாடி டப்பா அவள் கண்ணில் பட்டது. பச்சை டப்பா.

அவள் கேட்டது சிவப்பு.

கையிலிருந்த நாற்காலியை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் இழுப்பறையைத் திறந்தாள். சிவப்பு டப்பா உள்ளே பென் டிரைவோடு, எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் சமர்த்தாகக் கிடந்தது.

"சார், நான் எந்த டப்பாவை எடுத்துட்டு வரச் சொன்னேன்?"

"சிவப்பு."

"நீங்க எதை எடுத்துட்டு வந்தீங்க?"

"சிவப்பு," என்றார் கண்ணாடிக்கடை முதலாளி, துளிச் சந்தேகமில்லாமல்.

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. தன் தலையில்தான். முதலாளிக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். சிவப்பு ஃபிரேம் கேட்டவருக்குப் பச்சையை மாட்டிவிட்டு, உங்கள் முகத்துக்கு இந்தச் சிவப்புதான் எடுப்பு என்பார். அவர்களும் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஆமாம் என்று போய்விடுவார்கள்.

அந்தக் கடையில் அவள் கண் பரிசோதிப்பவள். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில், அதே கடையில், ஈரக்குடை ரசிகர் மன்றத்தின் தலைவி. ஈரக்குடை என்பது நான்கு பேர் கொண்ட ராக் இசைக்குழு. கல்லூரி நாளிலிருந்து அவள் அவர்களுடைய பாட்டோடுதான் வளர்ந்தாள், அழுதாள், கல்யாணம் கட்டிக்கொண்டாள். இந்த முறை புதிய பாடல்களை வெளியிடும் முன்னரே மன்றங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். கூரியர் வந்தபோது அவள் உள்ளறையில் ஒருவருக்கு லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தாள். அதைச் சிவப்பு டப்பாவில் போட்டு வையுங்கள் என்று முதலாளிக்குக் குரல் கொடுத்தாள்.

அன்றைக்கே கொழுந்தனும் வந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஓய்வு நேரத்தில் இரண்டு சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே, ஈரக்குடையைப் போலப் பாட்டுக் கட்டுகிறவன். அவனும் ஒரு பென் டிரைவ் கொண்டுவந்திருந்தான். அண்ணி கேட்டுவிட்டு உண்மையைச் சொல்ல வேண்டும் என்று வாசலில் நின்றபடியே கெஞ்சினான். உண்மையைச் சொல்லும் சங்கடம் வராமலிருக்க, அவள் அதைக் கேட்பதாகவே இல்லை. அதைப் பச்சை டப்பாவில் போடும்படி முதலாளியிடம் சொன்னாள்.

இப்போது மன்றமே அதைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறது. வெறுமனே கேட்கவில்லை. பேக்கரிக்காரர் மூன்றாவது பாட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கணக்கு டீச்சர், இருபது வருஷத்தில் இப்படியொரு பாட்டு வந்ததில்லை என்றார். எல்லாவற்றுக்கும் மேலே, தலைவியே அழுதிருந்தாள்.

கொழுந்தன் பாட்டுக்கு.

வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் அவளுக்கு மனது ஒரு நிலையில் இல்லை. "உனக்குப் பிடிச்சது பாட்டா, தாடியா?" என்று அவள் கணவன் சீண்டுவது வழக்கம். தாடி என்பது ஈரக்குடையின் பாடகர். பாட்டுதான் என்று அவள் எப்போதும் அடித்துச் சொல்வாள். யார் பாடுவது என்று சொல்லாமல் போட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிப்பேன் என்று சவால் விட்டிருக்கிறாள். மற்ற ரசிகர்களைப் பற்றி அவளுக்கு அவ்வளவு உறுதி கிடையாது. கண் பரிசோதனையில் அவளுக்கு ஒரு சின்ன விளையாட்டு உண்டு. லென்ஸைக் கழற்றி, டக்கென்று சத்தம் வரும்படி அதையே திரும்ப மாட்டி, "இப்போ?" என்பாள். பாதிப் பேர், இப்போதுதான் தெளிவாக இருக்கிறது என்பார்கள். மனிதர்கள் சத்தத்தைப் பார்க்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வாள்.

அன்றிரவு பச்சையை மறுபடியும் போட்டுக் கேட்டாள். என்ன ஆச்சரியம், எல்லாம் தெரிந்தது. கிடார் தகர டப்பா. குரலில் தாடியின் சாயல் இருந்தது, சாயம்தான், வேர் இல்லை. அவள் அழுத அந்த மூன்றாவது பாட்டில், "மாடி மாடியாய்த் தேடினேன்" என்று ஒரு வரி. லிஃப்ட்காரனைத் தவிர வேறு யார் மாடி மாடியாகத் தேடுவான்? இதைக் கேட்டா அழுதோம் என்று கூச்சமாக இருந்தது.

பிறகு சிவப்பைப் போட்டாள். முதலில் கரடுமுரடாக இருந்தது. டிரம்ஸ் பின்தங்கி வந்தது. பின்தங்கித்தான் வர வேண்டும் என்பது கொஞ்ச நேரத்தில் புரிந்தது. இத்தனை வருஷம் மெருகோடு வாசித்தவர்கள் மெருகைத் துறந்துவிட்டார்கள். மூன்றாவதில் பாட்டே இல்லை, வெறும் தாளம், அதுவும் பாதியில் நின்றது. என்ன துணிச்சல். இரண்டாவது பாட்டு அவளை உலுக்கியது.

"மேலயும் இல்ல, கீழயும் இல்ல, நடுவுல நிக்கிறேன், கதவு திறக்கல."

இளமையும் இல்லை, முதுமையும் இல்லை. வீட்டிலும் முழுசாக இல்லை, கடையிலும் முழுசாக இல்லை. அவளைப் பார்க்காமலேயே யாரோ அவளை எழுதியிருந்தார்கள்.

மறுநாள் கொழுந்தன் கடைக்கு வந்தான்.

"அண்ணி, கேட்டீங்களா?"

"கேட்டேன். நல்லா இருக்கு."

"எது?"

மன்றம் அழுத பாட்டையே சொன்னாள். "மூணாவது."

அவன் முகம் குழம்பியது. "மூணாவதா? அது இன்னும் முடிக்கவேயில்லையே அண்ணி."

என்ன தன்னடக்கம் என்று அவளுக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. முடிக்காமல் விட்டதில்தான் அழகே இருக்கிறது என்று சொல்லிவைத்தாள். அவன் அதை யோசித்தபடியே, சாவிக்கொத்தை மறந்துவிட்டுப் போனான்.

அத்தோடு விட்டிருந்தால் ஆறப்போட்டிருக்கலாம். வாரக் கடைசியில் பேக்கரிக்காரர் போன் செய்தார். மன்றத்துக்கு டி-ஷர்ட் அடிக்கக் கொடுத்துவிட்டாராம், முதுகில் "மாடி மாடியாய்த் தேடினேன்" என்று. அடுத்த மாதம் பாடல்கள் வெளியாகும். அதில் இந்த வரியே இருக்காது. ஊர் முழுக்க உள்ள மன்றங்கள் நடுவே இவர்கள் மட்டும் கொழுந்தனை முதுகில் சுமந்துகொண்டு நிற்பார்கள். தலைவி என்ற பெயர் அன்றோடு காற்றில் போகும்.

அவசரக் கூட்டம் போட்டாள். நடந்ததைச் சொல்லிவிடத்தான் நினைத்தாள். ஆனால் எல்லாரும் வந்து உட்கார்ந்து, அவளை நம்பிக்கையோடு பார்த்தபோது வாயில் வேறு வந்தது. குழுவினர் பாடல்களை மாற்றிவிட்டார்கள், இதுதான் முடிவான வடிவம் என்று சொல்லி, சிவப்பு டப்பாவைத் தன் கையாலேயே திறந்து, தன் கையாலேயே பென் டிரைவைச் சொருகினாள்.

இரண்டாவது பாட்டு முடியும்போது பேக்கரிக்காரர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலைவி, தப்பா நினைக்காதீங்க. யாரோ ஷெட்டுல உக்காந்து தட்டின மாதிரி இருக்கு."

"டிரம்ஸ்காரர் கூடவே வரல, துரத்திக்கிட்டு வர்றார்," என்றார் கணக்கு டீச்சர்.

"அது வேணும்னே செஞ்சது டீச்சர். நமக்குத்தான் பழகல."

"எதுக்குப் பழகணும்? நல்லாயில்லைன்னா நல்லாயில்லைதானே?"

அந்தச் சாதாரணக் கேள்வி அவளைச் சுட்டது. இவ்வளவு பெரிய பாட்டு, இவர்கள் காதில் தகரத்தில் பட்ட மழையாகப் போகிறதே என்ற ஆத்திரத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். போன வாரம் கேட்டது ஈரக்குடையே இல்லை, தன் கொழுந்தன் பாட்டு என்றாள். பெயரைச் சொன்னதும் உருகினீர்கள், எதைப் போட்டிருந்தாலும் உருகியிருப்பீர்கள் என்றாள். உங்களுக்கு வேண்டியது அந்த நாலு பேர்தான், பாட்டு இல்லை என்றும் சொல்லிவிட்டாள். தானும் சேர்ந்து உருகியதை மட்டும் சொல்லவில்லை.

முதலாளி இரண்டு டப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ரெண்டும் சிவப்பாத்தானே இருக்கு என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அவர்கள் வெட்கப்படுவார்கள் என்று அவள் எதிர்பார்த்தாள். தலைகுனிவார்கள், பிறகு அவள் பெருந்தன்மையாக மன்னித்து, இரண்டாவது பாட்டை விளக்கிச் சொல்லலாம் என்று மனதுக்குள் வாக்கியங்கள்கூடத் தயாராக இருந்தன.

பேக்கரிக்காரர் மெல்ல எழுந்தார். "அப்போ உங்க கொழுந்தன் வீடு எங்க இருக்கு?"

"எதுக்கு?"

"நான் அழுதது அந்தப் பாட்டுக்கு. அது யாரோடதா இருந்தா எனக்கென்ன?"

கணக்கு டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டார். கூட்டம் கலையும்முன்பே ஈரக்குடை ரசிகர் மன்றம் கலைந்து, அதே நாற்காலிகளில் கொழுந்தன் ரசிகர் மன்றம் உதயமானது. தலைவர் பேக்கரிக்காரர். டி-ஷர்ட்டை மாற்ற வேண்டிய செலவும் இல்லை என்றார்கள். பழைய மன்றத்தில் மிஞ்சியது தலைவி ஒருத்திதான்.

வீட்டுக்கு வந்து, பாத்திரம் கழுவும் தொட்டி முன்னால் நின்றாள். கணவன் வெளியே போயிருந்தான். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் பெயரை விட்டுவிட்டுப் பாட்டின் பின்னால் போய்விட்டார்கள். அப்படியானால் பெயருக்காக நின்றது யார்? இந்தக் கேள்வியை அவள் ஓரமாகத் தள்ளிப் பார்த்தாள். அது போகாமல் காலைச் சுற்றியது. இல்லை, எனக்கு இந்தப் பாட்டு நிஜமாகவே பிடித்திருக்கிறது என்று தனக்கே நிரூபிக்க வேண்டும்போல் இருந்தது. சிவப்பு டப்பாவைத் திறந்து இரண்டாவது பாட்டைப் போட்டாள்.

"நடுவுல நிக்கிறேன், கதவு திறக்கல."

கண் நிறைந்தது. பொய்யில்லாத கண்ணீர். கன்னத்தில் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், சாட்சிக்குப் போல. அப்பாடா என்றிருந்தது.

அப்போது ஓரகத்தி மூச்சு வாங்க உள்ளே வந்தாள். கொழுந்தனின் மனைவி, மூன்று தெரு தள்ளி இருக்கிறவள்.

"அக்கா, எங்க வீட்டு வாசல்ல பத்துப் பன்னெண்டு பேர் வந்து நிக்கிறாங்க. ஒருத்தர் கேக் வேற கொண்டாந்திருக்கார். என்னென்னவோ சொல்லிப் பாராட்டுறாங்க. இவர் தலையையும் ஆட்டுறார், திருதிருன்னு முழிக்கவும் முழிக்கிறார். எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க கொஞ்சம் வாங்க."

"வரேன். ஒரு நிமிஷம் இரு," என்றாள் தலைவி, கண்ணைத் துடைக்காமலேயே. "இதைக் கேளு. இதுதான் அசல் ஈரக்குடை."

ஓரகத்தி நின்று கேட்டாள். பாட்டில் ஒரு சின்ன இடைவெளி வந்தது. பாடகர் அடுத்த வரியை எடுக்கும் முன்னரே, அடுப்படியில் பழக்கப்பட்ட ஒன்றைச் சொல்வதுபோல், அவள் வாய் தானாக முணுமுணுத்தது. மணி அடிச்சேன், மணி அடிச்சேன், கேட்டவங்க யாருமில்ல.

பிறகுதான் பாடகர் அதைப் பாடினார்.

தலைவிக்குக் கூரியர் வந்த பகல் ஞாபகம் வந்தது. உள்ளறையிலிருந்து சிவப்பு என்று சொன்னது அவள் வாய். வெளியே டப்பாவை எடுத்துப் போட்டது முதலாளியின் கை.

ஓரகத்தி அவள் கண்ணீரைப் பார்த்துப் பதறி, முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"இதுக்குப் போயா அழறீங்க அக்கா? லிஃப்டுல மாட்டிக்கிட்ட மனுஷனை அன்னிக்கே ஏணி வச்சு இறக்கிட்டாங்களே."