அரவேணு அண்ணன் தலையில் இரண்டு துளை போட்டுக்கொண்ட விவரம்

அரவேணு,
புரட்டாசி 28

அன்புத் தம்பி கருப்புசாமிக்கு அண்ணன் சுப்பண்ணன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அண்ணி பங்கஜமும் சௌக்கியம். அங்கே வெலிங்டனில் நீயும் கனகமணியும் சௌக்கியமாக இருக்க மாரியம்மன் அருள வேண்டும். சௌக்கியம் என்ற சொல்லை இதுவரை எத்தனையோ கடிதத்தில் பழக்கதோஷத்தில் எழுதியிருக்கிறேன். இந்த முறை என் தலையையும் நெஞ்சையும் படம் பிடித்துப் பார்த்த டாக்டரம்மா சீட்டில் எழுதிக் கொடுத்த பிறகே எழுதுகிறேன், ஆகவே நம்பலாம்.

போன வாரம் நீ போனில் சொன்னாய். "அண்ணா, பேச்சுல கேட்டா நீங்க சிரிச்சே மழுப்பிப் போடுவீங்க. ஆபரேசன்ல என்னென்ன ஆச்சோ அத்தனையும் ஒளிக்காம எழுதி அனுப்புங்க. படிச்சுப் பார்த்துட்டு எனக்கு ஆகுமா ஆகாதான்னு நானே யோசிச்சுக்கறேன்" என்றாய். நியாயமான கேள்வி. ஆகவே கெட்டதையும் கேவலப்பட்டதையும் சேர்த்தே எழுதுகிறேன். உன்னை நான் வற்புறுத்தவில்லை. யாரையும் எதற்கும் வற்புறுத்துவது என் சுபாவமே இல்லை. இந்த வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டியதும் உன் அண்ணி அடுப்படியில் எதற்கோ இருமுகிறாள்.

நம் அப்பனுக்குக் கை நடுக்கம் இருந்தது உனக்கு நினைவிருக்கும். பூமியெல்லாம் பெரியப்பன் பக்கம் போனது, நடுக்கம் மட்டும் நம் இருவருக்கும் சரிபாதியாக வந்து சேர்ந்தது. எனக்கு ஆரம்பித்தபோது நான் தேயிலை பேக்டரியில் டீ மேக்கர். இந்த மலையில் ஒரு வசதி, கை நடுங்கினால் குளிர் என்று சொல்லிக்கொள்ளலாம். ஏழு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். சித்திரை மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு "இந்த வருசம் பனி அதிகமுங்க" என்று சொல்லித் திரிந்தேன். ஊரே இரக்கப்பட்டு எனக்குக் கையுறை வாங்கிக் கொடுத்தது. ஒன்பது ஜோடி சேர்ந்துவிட்டன. கோயம்புத்தூர் போகும் நாட்களில்தான் சங்கடம். அங்கே நூறு டிகிரி வெயிலில் நின்றுகொண்டு குளிர் என்று சொல்ல முடியாது, ஆகவே அந்த ஏழு வருஷமும் நான் கோயம்புத்தூர் பக்கமே போகவில்லை.

நீ கண் பார்வை என்று சொல்லித் தையல் கடையை மூடினாய். பட்டாளத்துக்காரர்களுக்கு யூனிபார்ம் தைத்துத் தைத்துக் கண் போய்விட்டது என்றாய். ஆனால் எதிர் மலையில் மாடு மேய்ந்தால் அது யார் வீட்டு மாடு என்று சொல்கிறவன் நீ. போன வைகாசியில் குன்னூர்க் கல்யாணத்தில் இலை போட்டதும் "வண்டியைப் பார்த்துட்டு வந்தர்றேன்" என்று எழுந்து போனவன், பந்தி முடியும் வரை வரவில்லை. உன்னிடம் வண்டியே கிடையாது. நான் ரசம் வேண்டாம் மோர் வேண்டாம் என்று சொல்லி ஒருவாறு ஒப்பேற்றினேன், நீ பட்டினியாக வெலிங்டனுக்கு பஸ் ஏறினாய். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை தம்பி. அந்த வாரமே நான் கோயம்புத்தூர் போய் டாக்டரம்மாவைப் பார்த்தேன், இதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

டாக்டரம்மாவுக்கு வயது நம் பிள்ளைகள் வயதுதான் இருக்கும். காகிதத்தில் நத்தை ஓடு மாதிரி ஒரு சுழி போடச் சொன்னார். நான் போட்டது குன்னூர் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு பதினான்கையும் சேர்த்துப் போட்டது போல வந்தது. பிறகு ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிப்பீர்கள் என்று கேட்டார். வேலையில் இருந்தபோது நாற்பது, சீசனில் அறுபது என்று உள்ளதைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஒவ்வொரு கப்பிலும் ஒரு கரண்டி உறிஞ்சி, நாக்கில் புரட்டி, துப்பிவிடுவதுதான் டீ மேக்கர் வேலை என்று விளக்கிச் சொன்ன பிறகுதான் மறுபடி எழுத ஆரம்பித்தார். மூளைக்குள் கையை ஆட்டுவிக்கிற ஓர் இடத்தில் நரம்பணுக்கள் தப்பான தாளத்தில் துடிக்கின்றன, அங்கே மயிர் போன்ற கம்பி வைத்துச் சிறிது மின்சாரம் கொடுத்தால் அந்தத் தாளம் அடங்கிவிடும், பேட்டரியைக் காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைப்போம் என்றார். கத்தியே வைக்காமல் ஒலி அலையை மூளைக்குள் ஒரே புள்ளியில் குவித்து நடுக்கத்தை நிறுத்துகிற முறையும் வந்துவிட்டதாம். அதையே செய்யுங்கள் அம்மா என்று கெஞ்சினேன். "உங்களுக்கு ரெண்டு கையும் ஆடுதுங்க ஐயா, உங்களுக்கு இதுதான் சரி. வேற ஒருத்தருக்கு அது சரியா வரலாம்" என்றார். நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு உள்ளே ரத்தம் கசியலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். இதை நானும் மறைக்கவில்லை. சம்மதக் கையெழுத்துப் போட்டேன். ஆதார் அட்டைக் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று ஆபீசில் இருந்தவர் இன்னொரு முறை போடச் சொன்னார். ஒத்துப்போனால் நான் ஏன் ஐயா இங்கே வருகிறேன் என்று கேட்டேன், அவருக்கும் நியாயமாகத்தான் பட்டது.

அடுத்த வில்லங்கம் உன் அண்ணியால் வந்தது. ஆபரேசனுக்குத் தலையை மழிப்பார்கள் என்று கேட்டதுமே, "ஏனுங்க, எப்படியும் மொட்டை போடறதுதானே. அதை எதுக்கு ஆஸ்பத்திரி குப்பைக் கூடைக்குக் குடுக்கோணும், பழனியில குடுத்தா புண்ணியமாச்சுமாகும்" என்றாள். அதுவும் சரிதான் என்று பழனிக்குப் போய் முடி கொடுத்துவிட்டு வந்தோம். அரவேணுக்கு மலையேறி வந்ததும் மொட்டைத் தலையில் பனி இறங்கி எனக்குச் சளி பிடித்தது. சளி இருந்தால் நெஞ்சில் பேட்டரி வைக்கும்போது மயக்க மருந்து கொடுக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் தள்ளிப் போட்டார்கள். அதற்குள் முடி முளைத்துவிட்டது. கடைசியில் அதையும் ஆஸ்பத்திரியில்தான் மழித்தார்கள். இந்த இரண்டாவது முடி முருகனுக்குச் சேராமல் போனது தெய்வக்குற்றமா இல்லையா என்று உன் அண்ணி இன்னும் நாலு பேரிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் தலையைச் சுற்றி ஒரு வளையம் வைத்து நாலு பக்கமும் திருகினார்கள். மரத்துப்போகும் ஊசி போட்டதால் வலி இல்லை, திருகும் சத்தம் மட்டும் மண்டைக்குள் கேட்டது. துளை போடும்போது நான் முழு விழிப்பில் இருந்தேன். மூளைக்கு வலி தெரியாதாம். உடம்பில் இருக்கிற அத்தனை வலியையும் கேட்டுச் சொல்கிற அதற்குத் தன் வலியை மட்டும் சொல்லத் தெரியாதாம். உன் அண்ணியும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். கூடலூர்க்காரப் பெண் ரோஸ்மேரி என்று ஒரு நர்ஸ், என் கையைப் பிடித்துக்கொண்டு "பேடிக்கண்டா சாரே, ஒண்ணும் ஆகாது, நான் இங்கதான் நிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்குப் பயமில்லை என்று சொன்னேன். அவள் விரலை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்பது மறுநாள் அவள் காட்டிய பிறகுதான் தெரிந்தது.

பேர் சொல்லுங்கள், ஒன்றிலிருந்து எண்ணுங்கள், கிழமை சொல்லுங்கள் என்று டாக்டரம்மா கேட்டுக்கொண்டே வந்தார். பிறகு வலது கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். வழக்கம் போல ஆடியது. "இப்பப் பாருங்கய்யா" என்றார். கை நின்றுவிட்டது. ஏழு வருஷமாக நிற்காத கை தம்பி, என் முகத்துக்கு நேரே அசையாமல் நின்றது. விரலை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், நான் அழுதுவிட்டேன். தலையைத் திருப்ப முடியாததால் கண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் போனது.

அதோடு விட்டிருக்கலாம். இன்னொரு சோதனைக்காக ரோஸ்மேரி ஒரு கிண்ணத்தில் துளி தண்ணீரும் ஒரு கரண்டியும் கொண்டுவந்து, கரண்டியை வாய் வரைக்கும் கொண்டுபோகச் சொன்னாள். குடிக்க வேண்டாம் என்றும் சொன்னாள், அது என் காதில் விழுந்தது. ஆனால் முப்பத்தாறு வருஷம் கரண்டி உதட்டுக்கு வந்தால் என்ன செய்வேனோ அதைத்தான் வாய் செய்தது. சர்ரென்று பேக்டரி முழுக்கக் கேட்கிற மாதிரி உறிஞ்சினேன். டாக்டரம்மா திடுக்கிட்டு "என்ன சத்தம் அது, மூச்சைப் பாருங்க" என்றார். மயக்க மருந்து டாக்டர் ஓடிவந்து என் முகத்துக்கு மேலே குனிந்தார். நாக்கில் புரட்டியாகிவிட்டது, அடுத்தது துப்ப வேண்டும், தலையோ திரும்பாது. துப்பிவிட்டேன். பாவம், நல்ல மனிதர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க, தண்ணியில கொஞ்சம் குளோரின் வாசம் இருக்குதுங்க" என்றேன். சிரிப்புச் சத்தம் கேட்டது. "ஐயா, தயவு செஞ்சு என்னைச் சிரிக்க வெக்காதீங்க. அப்புறம் என் கை நடுங்கும்" என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்ததும் ஊரே பார்க்க வந்தது. பக்கத்து வீட்டு தேவநேசன் என் நெஞ்சில் பேட்டரி வைத்த மேட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது தீர்ந்துபோனா அண்ணன் அப்படியே நின்னு போயிருவாருங்களா?" என்று பங்கஜத்திடம் கேட்டார். "நின்னா எறக்கத்துல தள்ளி ஸ்டார்ட் பண்ணிக்கறனுங்க" என்றாள் உன் அண்ணி. கருவியைக் கூட்டவும் குறைக்கவும் அணைக்கவும் போன் மாதிரி ஒரு பெட்டி கொடுத்திருக்கிறார்கள். அதற்கும் டீவி ரிமோட்டுக்குப் போட்ட மாதிரி பிளாஸ்டிக் உறை போட்டு, இரண்டையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறாள். நான் அதிகம் பேசினால் பெட்டியை எடுத்துக் காட்டுகிறாள். இது கை நடுக்கத்துக்கு மட்டும்தான், பேச்சை நிறுத்தாது என்று டாக்டரம்மாவை விட்டே போனில் சொல்ல வைத்தேன். "அடுத்த மாடல்ல வருமுங்களா?" என்று அவரிடமே கேட்கிறாள்.

பெரிய கேவலம் ஆவணியில் நடந்தது. இப்போது பேக்டரியில் டீ மேக்கராக இருக்கும் பாலன், "ஒரு தரம் வந்து ருசி பார்த்துச் சொல்லுங்கண்ணா" என்று கூப்பிட்டான். புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். சலித்த தூள் போகிற பாதைக்கு மேலே ஆணி, இரும்புத் துகள் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ள ஒரு பெரிய காந்தம் மாட்டியிருப்போம், நீயும் பார்த்திருப்பாய். அதை இவர்கள் சரியாகத் துடைப்பதில்லை என்று பட்டது. நெஞ்சை அதன்மேல் சாய்த்துக் குனிந்து, எப்படித் துடைக்க வேண்டும் என்று கால் மணி நேரம் பாடம் நடத்தினேன். அப்புறம் மேசைக்கு வந்து ஆறு பேர் பார்க்கக் கப்பைத் தூக்கினேன். கை ஆட ஆரம்பித்தது. பழைய ஆட்டம், ஒரு குறையும் இல்லை. பாதி டீ சட்டையிலும் பாதி பாலன் மேலும் போனது. எல்லாம் போயிற்று, தலையில் துளை போட்டுக்கொண்டதுதான் மிச்சம் என்று ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து போர்வையை இழுத்துப் போர்த்திப் படுத்துவிட்டேன். பங்கஜம் நடந்ததைக் கேட்டாள், பெட்டியை எடுத்து என் நெஞ்சில் வைத்து அமுக்கினாள். நடுக்கம் நின்றது. காந்தம் பட்டுக் கருவி அணைந்திருக்கிறது, அவ்வளவுதான். "காந்தத்துகிட்டப் போகாதீங்கன்னு டாக்டரம்மா ஆறு தரம் சொன்னாங்களே, ஏனுங்க" என்றாள். அவர் சொன்னது வேறு ஏதோ காந்தம் என்று நினைத்தேன், நம் பேக்டரிக் காந்தத்தை நானே வாங்கி மாட்டியவன் அல்லவா. இப்போது எனக்குப் பேக்டரி கேட் வரைக்கும்தான் அனுமதி, பாலன் கப்பை அங்கே கொண்டுவந்து கொடுக்கிறான்.

இவ்வளவுதான் நடந்தது. ஒன்றையும் ஒளிக்கவில்லை. நல்லது கெட்டது இரண்டையும் படித்துப் பார். அவசரமே இல்லை, ஆற அமர யோசி. தை போகட்டும், சித்திரை போகட்டும். உன் தலை, உன் இஷ்டம். நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். கனகமணிக்கு எங்கள் ஆசீர்வாதம். பேரன் பேத்திகளைக் கேட்டதாகச் சொல். நீ நூறு வயது இருந்து நாலு தலைமுறைக்குச் சட்டை தைக்க வேண்டும் என்று உன் அண்ணியும் நானும் வேண்டிக்கொள்கிறோம்.

உன் அண்ணன்,
சுப்பண்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை வாங்கிப் படித்த பங்கஜம், "கடைசியில எதுக்குங்க இத்தனை பொய்" என்கிறாள். ஆகவே உண்மையையும் எழுதிவிடுகிறேன். அடுத்த புதன்கிழமை பதினொரு மணிக்கு டாக்டரம்மாவிடம் உன் பெயருக்கு நேரம் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. கனகமணிக்குத் தெரியும், உன் துணிமணியைப் பையில் எடுத்து வைத்துவிட்டாள். உனக்கு மட்டும்தான் தெரியாது. அன்றைக்கு வெறும் பரிசோதனைதான், யாரும் துளை போட மாட்டார்கள். காலை ஏழரை மணிக்கு மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். எதிரில் இருக்கிற ஓட்டலுக்குப் போய், நடு மேசையில் உட்கார்ந்து, இட்லிக்குச் சாம்பார் ஊற்றிச் சாப்பிடப் போகிறோம். உட்காருவதற்கு முன்னால் என் கருவியை நான் அணைத்துவிடுகிறேன். இரண்டு பேரும் சிந்துவோம், பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.