யோங் பெங் பேயோட்டி

யூகலிப்டஸ் தைல வாசனை எங்கிருந்தாவது வந்தால் போதும், என் முன்னாள் கணவர் சேகரின் குரல் என் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. போன வாரம் உலு திராம் மருந்துக்கடையில் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இருந்த சீனக் கிழவர் மூக்கடியில் தைலம் தேய்த்துக்கொண்டார். நான் செருமினேன். அது என் செருமல் இல்லை, சேகருடையது. கல்லாவில் இருந்த பெண் "யெஸ் சார்" என்று நிமிர்ந்தாள். என்னைப் பார்த்ததும் விழித்தாள்.

எல்லாம் பேயோட்டியால் வந்த வினை.

பேய் பிடிக்க வைப்பதில் அவரை மிஞ்ச மலேசியாவில் இந்த ஜொகூர் மாநிலத்தில் இதுவரை ஆள் பிறக்கவில்லை, இனியும் பிறக்கப்போவதில்லை. ஓட்டுவதற்கு அவரிடம் எந்த வித்தையும் கிடையாது. பெயர் மட்டும் பேயோட்டி, வழக்கறிஞர்கள் வைத்தது. குடும்ப வழக்குகளில் சமரசம் பேசுவது அவர் தொழில். பிள்ளை யாருக்கு, வீடு யாருக்கு என்று வழக்குப் போட்டவர்களிடம், "தீர்ப்புக்கு முன்னால் வெளியே உட்கார்ந்து பேசிப் பாருங்கள்" என்று நீதிமன்றம் சொல்லும். அப்படிப் பேசப் போனவர்கள் வேறு யாருடைய குரலிலோ பேசிக்கொண்டு திரும்பி வந்தார்கள். அதனால் வந்த பெயர்.

அவர் அலுவலகம் யோங் பெங்கில், ஒரு கடைவீட்டின் மாடியில். கீழே சீனர்கள் தங்கள் இறந்தவர்களுக்காக எரிக்கும் காகித வீடுகள் விற்கும் கடை. மாடி வைத்த காகித பங்களா, காகித கார், வாசலில் கைகட்டி நிற்கும் காகித வேலைக்காரர்கள். வீட்டைப் பங்கு போட வருகிறவர்கள் அதையெல்லாம் தாண்டித்தான் படியேற வேண்டும். கடைக்கார அம்மா எங்கள் முகத்தைப் பார்த்ததுமே, "சேராயா? மேல போ" என்றார். மலாயில் சேராய் என்றால் விவாகரத்து. விறகு வேண்டுமா என்று கேட்கிற குரல்.

அவரைப் பற்றி எனக்குச் சொன்னது பாலோவில் இருக்கும் என் சித்தி மகள் கமலா. அவளும் அவள் புருஷன் லாரிக்கார ராஜாவும் பிரிந்தபோது, ஒரு நாய்க்காக மல்லுக்கட்டினார்கள். பேயோட்டி நாயையும் அழைத்துவரச் சொல்லிவிட்டார்.

"அந்த ரூம்ல ஒரே ஒரு சட்டம்தான்க்கா," என்றாள் கமலா. "நான் 'நான்'னு சொன்னா அது நான் இல்ல, எதிர்ல இருக்கிறவரு. அவரு நான்னு சொன்னா அது நானு. அவர் நாற்காலில உக்காந்து, அவரா பேசணும்."

"நாடகம் மாதிரியா?"

"நாடகம்னுதான் நெனச்சேன். நான் அவரா பேச ஆரம்பிச்சேன். ரோட்டுல போறப்ப பயமா இருக்கு, தூக்கம் வருது, வீட்டுக்கு வந்தா யாரும் பாக்க மாட்டேங்குறாங்க, நாய் மட்டும்தான் ஓடி வருதுன்னு. மேசைக்கு அடியில படுத்திருந்த நாய் எழுந்துச்சு. நேரா எங்கிட்ட வந்து முகத்த நக்குச்சு. பத்து வருஷமா சோறு போட்டேன், ஒரு நாளும் நக்கினதில்லக்கா. அவருக்கு மட்டும்தான் அப்படிச் செய்யும்."

"அப்புறம்?"

"அலமாக், எனக்கு வேர்த்துக் கொட்டிருச்சு. நாய நீங்களே வச்சுக்கங்கன்னு எழுந்து வந்துட்டேன்."

எனக்கும் சேகருக்கும் நடுவில் நாய் இல்லை. மீரா இருந்தாள். நாலாம் வகுப்பு. நான் பிறந்த ஊரான பாலோவுக்கே திரும்பி, அவளை அங்கே பள்ளியில் சேர்க்க நினைத்தேன். அவளும் நாங்கள் இருந்த உலு திராம் வீடும் தன்னோடுதான் என்றார் சேகர். இரண்டு பக்கமும் வழக்கறிஞர்கள். தீர்ப்பு வந்தால் ஒருவருக்கு மகள், இன்னொருவருக்கு மாதத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்காரி நானாக இருந்துவிடக் கூடாது என்பது மட்டும்தான் அப்போது என் உடம்பு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.

பேயோட்டி ஒல்லியான மனிதர். சிலோன் தமிழ்க் குடும்பம், ஓய்வுபெற்ற வழக்கறிஞர். சட்டைப் பொத்தான் கழுத்துவரை. ஏர்கோனைப் பிணவறைக் குளிருக்கு வைத்துவிட்டு, சளி பிடிக்காமல் இருக்க மூக்கடியிலும் காதுக்குப் பின்னாலும் தைலம் தேய்த்துக்கொள்வார். திரைச்சீலைகள் எப்போதும் மூடியிருக்கும். எங்களை இடம் மாற்றி உட்கார வைத்து, தானும் கண்களை மூடிக்கொண்டார்.

"பேசுங்கோ. அவசரம் இல்லை. வாறது மெதுவாத்தான் வரும்."

எது வரும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

நான் சேகராக ஆரம்பித்தேன். முதலில் கேலியாகத்தான். "நான் சிங்கப்பூர்ல வேல செய்யுறேன், பெரிய ஆளு" என்றேன். பிறகு குரல் மெல்லக் கீழே இறங்கியது. "விடியறதுக்கு முந்தி மோட்டார் பைக் எடுத்துட்டுப் போறேன். சிங்கப்பூர் பாலத்துல மழைல நிக்கிறேன். போறப்ப மீரா தூங்குறா, வரப்ப தூங்குறா. அவ முழிச்சிருக்கிற முகம் எனக்கு மறந்து போகுது." இதை யார் சொன்னது? சேகர் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லி முடித்ததும் தொண்டையைச் செருமினேன். எதிரே சேகர் என்னைப் போலவே துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவர் மடியில் துப்பட்டா இல்லை.

"நான் சமைக்கிறேன், கழுவுறேன், பேசுறேன்," என்றார் அவர். "யாரும் பதில் சொல்றதில்ல. செவுத்துக்கிட்ட பேசிப் பேசி எனக்கே செவுத்துக் குரல் வந்துருச்சு."

இடைவேளையில் எதிர்க் கடைக்குப் போனோம். நான் கெட்டிக் கறுப்புக் காப்பி சொன்னேன். பிறந்ததிலிருந்து நான் காப்பி குடித்ததில்லை. சேகர் சீனி குறைத்த தே தாரேக், நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், சொன்னார், அது என்னுடையது. இரண்டு பேரும் மிச்சம் வைக்காமல் குடித்தோம். குடித்த பிறகுதான் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"நமக்கு என்னமோ ஆயிருச்சு லா," என்றார் சேகர்.

மேலே போனதும் பேயோட்டி, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சின்ன நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். "இப்ப ஒருத்தர் மாறி ஒருத்தர் இதில இருங்கோ. மீராவா பேசுங்கோ."

சேகர் உட்கார்ந்தார். முட்டி இரண்டும் தாடைக்கு வந்தது. வாயைத் திறந்தார். மூடினார். "எனக்கு..." என்றார். ஏர்கோன் உறுமியது. கீழே காகித வீடுகளில் காற்று புகுந்து சரசரத்தது, உள்ளே யாரோ நடப்பது போல. "வரல சார்," என்று எழுந்துவிட்டார்.

நான் வெற்றியோடு உட்கார்ந்தேன். நான் அவள் அம்மா இல்லையா. "எனக்கு அம்மாகூடப் போகணும். பாலோ ஸ்கூல் பிடிக்கும்."

"அது நீங்கள் பேசுறது, பிள்ளை," என்றார் பேயோட்டி, கண்ணைத் திறக்காமல். "அவளைக் கூப்பிடுங்கோ."

கூப்பிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. என் புருஷன் வந்தாரே, அவரை எனக்குப் பிடிக்காமலிருந்தும் வந்தாரே, ஆனால் நான் பெற்ற பெண் வரவில்லை. உள்ளே போய் ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்த்ததுபோல் இருந்தது. எல்லாவற்றிலும் நானே இருந்தேன்.

"ரெண்டு பேரிட்டையும் அவள் இல்லை," என்றார் பேயோட்டி. "இல்லாத பிள்ளையை எப்படிப் பங்கு போடுறது? போய்த் தேடிட்டு வாங்கோ."

அன்று மாலை மீராவை நடுவில் உட்கார வைத்து, இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம். எங்கள் வீட்டில் அது முதல் தடவை. அவள் ரொம்ப நேரம் எங்களைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"நான் எங்கயும் போகல," என்றாள் கடைசியில். "என் ரூம் இங்க இருக்கு. நீங்க ரெண்டு பேரும் மாறி மாறி வந்துட்டுப் போங்க லா."

அப்படித்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். வீடும் மீராவும் அசையவில்லை. ஒரு வாரம் நான், ஒரு வாரம் அவர், பெட்டியோடு வந்து போகிறோம். நீதிபதி படித்துவிட்டு, இதைச் சொன்னது யார் என்று கேட்டார். எங்கள் வழக்கறிஞர்கள் இரண்டு பேரும் தாங்கள்தான் என்றார்கள்.

இதைச் சொல்லத்தான் மீண்டும் யோங் பெங்குக்குப் போனேன். படியேறும்போதே சத்தம் கேட்டது. ஓர் ஆணும் பெண்ணும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்குரல் ஓங்கியது, ஆண்குரல் கெஞ்சியது. உள்ளே கேஸ் நடக்கிறது என்று படியிலேயே உட்கார்ந்தேன். சத்தம் நின்றதும் கதவைத் தள்ளினேன்.

அவர் மட்டும்தான் இருந்தார். எதிரே காலியான நாற்காலி.

"யார் சார் இருந்தாங்க?"

"என்ர மிஸஸ்," என்றார், கூச்சமே இல்லாமல். "செத்து எத்தினையோ வருஷம். கேஸ் இன்னும் முடியேல்லை."

"கோர்ட்ல போட்டீங்களா?"

"போட்டு வென்றனான். மகனை வாங்கிப்போட்டன். அவவுக்குக் கிடைச்சது ஞாயிற்றுக்கிழமை." தைலப் புட்டியைத் திறந்தார், தேய்க்காமல் மூடினார். "மகன் மெல்பர்னுக்குக் கூப்பிடுறான். இந்த மாசத்தோட இதை மூடுறன். போறதுக்கு முந்தி ஒண்டு கேட்கவேணும். அந்தக் கதிரையில கொஞ்சம் இருப்பீங்களோ? எல்லாம் என்ர வாயாலேயே கேட்டுக் கேட்டு..."

ஓடியிருப்பேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்காரி என்ற பயத்தை நான் மாதக்கணக்கில் சுமந்தவள். அந்த நாற்காலி எனக்கு அந்நியமில்லை. உட்கார்ந்தேன். அவர் கண்களை மூடிக்கொண்டார்.

"பிள்ளையை நான் பறிச்சுப்போட்டன்," என்றார். "இன்னும் கோவமோ?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பாவம், வயதானவர், ஊரை விட்டுப் போகிறார். ஆனால் வந்தது என் குரல் இல்லை, என் தமிழும் இல்லை. நான் வளர்ந்த பாலோ எஸ்டேட்டில் யாரும் அப்படிப் பேசியதில்லை.

"ஓம், கோவம்தான். அது என்னட்டையே இருக்கட்டும். நேரமாச்சு, நீங்க எழும்பிப் போய்ச் சாப்பிடுங்கோ."