லுப்னாவுக்கு அம்மை இல்லை, அக்கா

எர்ணாவூர்,
வியாழக்கிழமை

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய ரஹீமுன்னிசா அக்காவுக்கு, தம்பி ரஷீது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஆம்பூரில் நீங்களும் மச்சானும் சுகமாக இருக்க அல்லாஹ் அருள்வானாக. இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் சொன்னால் நீங்கள் அழுவீர்கள், நானும் அழுவேன், விஷயம் அப்படியே நிற்கும். அதனால்தான் கடிதம்.

என் மகள் லுப்னாவுக்கு அம்மை போட்டிருப்பதாக உங்கள் காதுக்கு வந்த செய்தி பொய். ஒன்பதாம் வகுப்புக்குப் போனதிலிருந்து, எழுந்து வாசிக்கச் சொன்னாலே அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டு மூச்சு முட்டுகிறது. கழிப்பறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள். நடிக்கிறாள் என்றார்கள் பள்ளியில். மனநல டாக்டரம்மாதான் இது நடிப்பில்லை, பதற்ற நோய் என்று சொல்லிப் பள்ளிக்குக் கடிதம் கொடுத்தார்: எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள், மூச்சு முட்டினால் ஐந்து நிமிடம் வெளியே விடுங்கள், பரீட்சையைத் தனி அறையில் எழுத விடுங்கள்.

அதை எடுத்துக்கொண்டு பள்ளி அலுவலகத்துக்குப் போனேன். கிளார்க் மணி, ஆஸ்பத்திரி முத்திரையைப் பார்த்ததுமே நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"இன்னா பாய், அம்மையா? ஊரெல்லாம் அதான் வந்துகினு கீது. பதினஞ்சு நாளு இஸ்கூலுக்கு இட்டாராத."

"அம்மை இல்ல சார், மனசு..."

"மனசு கஷ்டமாத்தான் இருக்கும். போ பாய்."

கேட்காத விடுப்பைப் பதினைந்து நாள் எழுதிவிட்டார். அவள் திரும்பிப் போன அன்று, பக்கத்தில் உட்காரும் பெண் மூக்கில் துணி கட்டிக்கொண்டு வந்தாளாம். அன்றைக்கு மட்டும் இரண்டு முறை கழிப்பறை.

சரி, பெற்றோர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிடுவோம் என்று நினைத்தேன். துறைமுக வாசலில் என் கண்டெய்னர் லாரி ஆறு மணி நேரம் வரிசையில் நின்ற நாளில், முன்னால் நின்ற லாரியின் பின்பக்கத்தைத் தலைமை ஆசிரியையாக வைத்துப் பேசிப் பழகினேன். ஒரு பிசிறு இல்லை. அந்த லாரியும் எதிர்த்துப் பேசவில்லை. கூட்டத்தில் எழுந்தேன் அக்கா, இருநூறு தலை திரும்பியது. 'மதிப்பிற்குரிய' என்றேன். அதற்குமேல் வாய் திறக்கவில்லை. காது அடைத்தது, சட்டை நனைந்தது, மூச்சு உள்ளே இறங்கவில்லை. நாற்பதடி கண்டெய்னரை ரிவர்ஸில் எடுப்பவன், செருப்பை விட்டுவிட்டு ஓடினேன். கழிப்பறைத் தாழ்ப்பாளைப் போட்ட பிறகுதான் உறைத்தது: என் மகள் தினமும் இப்படித்தான் நிற்கிறாள். "இன்னாடி நாடகம்" என்று அவளை எத்தனை முறை திட்டியிருக்கிறேன்!

தலைமை ஆசிரியை தேவகிருபை என்னை அறைக்குக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். நல்ல மனுஷிதான். டாக்டரம்மா கடிதத்தை நீட்டினேன், முதல் இரண்டு வரி பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்துவிட்டார். "ஒருத்திக்குத் தனி ரூல் போட்டா நாளைக்கு நாப்பது பேர் வருவாங்க பாய். வீட்லயே வெச்சு பிரைவேட்டா எழுத வைங்க" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஆகவே அவள் படித்தது போதும் என்று முடிவு செய்துவிட்டேன். அடுத்த மாதம் அழைத்து வருகிறேன், உங்களோடு இருக்கட்டும். பக்கத்தில் தையல் வகுப்பு இருந்தால் விசாரித்து வையுங்கள். அவளிடம் சொன்னபோது அழவில்லை, புத்தகங்களைத் தானே அட்டைப்பெட்டியில் அடுக்கிவைத்தாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. அவள் அம்மா மரியம் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

மச்சானுக்கு என் ஸலாம். பிள்ளைகளுக்கு துஆ. எங்களுக்காகவும் இறைவனிடம் கேளுங்கள்.

தங்கள் தம்பி,
ரஷீது

பி.கு.: இன்று புதன். கடிதம் இத்தனை நாளும் லாரியிலேயே கிடந்தது. வெள்ளியும் திங்களும் மரியம் எனக்குத் தெரியாமல் போய், தலைமை ஆசிரியை அறை வாசலில் முதல் மணியிலிருந்து கடைசி மணி வரை உட்கார்ந்திருந்தாளாம். "டாக்டரம்மா கடுதாசிய ஒருவாட்டி முழுசா படிங்க டீச்சர். படிச்சிட்டு முடியாதுன்னு சொல்லுங்க, போய்ட்றேன்." திங்கள் சாயங்காலம் படித்தார்கள், சம்மதம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். பரீட்சைக்குத் தனி அறை கிடையாது, விளையாட்டுச் சாமான் வைக்கும் அறையில் ஒரு மேசை. நேற்று லுப்னா போனாள், பதினொரு மணிக்கே திரும்பிவிட்டாள். ஆம்பூரில் எதையும் விசாரிக்க வேண்டாம். இன்று மணி ஒன்றரை, இன்னும் வரவில்லை. பள்ளி விட நாலு மணி ஆகும், வூட்டுக்கு வா என்கிறாள் மரியம். நான் இப்போதே பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன்.