வியாழக்கிழமை மமலிகா

வியாழக்கிழமை சாயங்காலம் தன்னால் எங்கேயும் வர முடியாது என்று பெர்னதெத் சொன்னபோது, அமலநாதன் கண்ணாடி முன் நின்று டை கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சு ஏற்கெனவே இரண்டு தடவை காதுப் பக்கம் போய்விட்டிருந்தது.

"கோயில்ல ஜெபம் இருக்குதுங்க. எட்டு மாசமா ஒரு வியாழன் விட்டதில்ல."

"மாதா ஒரு வாரம் பொறுத்துக்குவாங்க. சம்பந்தியாகப் போற முசே பிரான்சுவா பொறுத்துக்க மாட்டாரு. கெளம்பு."

"அப்படின்னா ஸ்டெல்லாமேரியாவது போயிட்டு வரட்டும்."

அதுவும் கூடாது என்றார் அமலநாதன். சம்பந்தம் பேசுகிற நேரத்தில் பெண் தெருவில் நடமாடினால் நன்றாகவா இருக்கும்? பெர்னதெத் போய்ப் பட்டுச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். புறப்படும்போது அமலநாதன் மகளை உள்ளே வைத்து வாசல் கதவைப் பூட்டிச் சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். அவர் ஒரு காரியத்தைச் செய்தால் அரைகுறையாகச் செய்ய மாட்டார்.

அமலநாதன் ஒரு பிரெஞ்சு சர்க்கார் ஆபீசில் இரண்டாம் குமாஸ்தா. தொப்பி போடாமல் தெருவில் இறங்க மாட்டார். அந்தத் தொப்பிக்குப் பொருத்தமாக வீட்டில் எதுவும் அமையவில்லை என்பது அவருடைய நெடுநாள் வருத்தம். முக்கியமாகச் சாப்பாடு. பெர்னதெத் ரெட்டியார்பாளையத்துப் பெண். களி கிண்டுவாள், மாங்காய் போட்டு மீன் குழம்பு வைப்பாள். அதைப் பார்த்தாலே அவருக்குத் தொப்பியைக் கழற்றி வீசத் தோன்றும்.

போன வருஷம் துறைமுகத்தை ஒட்டிய உப்பளத்தில் ருமேனியா ஹோட்டல் திறந்ததும்தான் அவருக்கு உயிர் வந்தது. அதன் முதலாளி பேதுரு துரை. ஏதோ ஒரு கப்பலில் மெக்கானிக்காக வந்து, கப்பல் போன பிறகும் ஊரில் தங்கிவிட்ட ருமேனியாக்காரர். மற்ற நாட்களில் மாலுமிகளுக்கு ரொட்டியும் முட்டையும் போடுவார். வியாழக்கிழமை மட்டும் தன் தேசத்துச் சாப்பாடு. அதில் பிரதானம் மமலிகா. மக்காச்சோள மாவை உப்புப் போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டிக் கிண்டி, மேசைக்குக் கொண்டுவந்து நூலால் அறுத்துக் கொடுப்பார்கள். ரெட்டியார்பாளையத்தில் அதற்குக் களி என்று பெயர். நூல் மட்டும் கிடையாது.

முதல் இரண்டு வாரம் அங்கே சாப்பாடு கொஞ்சம் மட்டமாக இருந்தது உண்மைதான். ஆனாலும் வீட்டுக்கு வந்து பெர்னதெத்திடம், "சமையல்னா அது சமையல். போய் அந்தப் பேதுருகிட்ட கத்துக்கிட்டு வா" என்று சொல்லத் தவறவில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து ருசி அபாரமாக ஏறிவிட்டது. தன் நாக்கு ஐரோப்பாவுக்குப் பழகிவிட்டது என்று அமலநாதன் புரிந்துகொண்டார். அன்று முதல் வியாழன் தவறாமல் அங்கே போய் ஒரு கட்டு கட்டுவார். பெர்னதெத்தும் மகளும் கோயிலுக்குப் போவார்கள். குடும்பத்தில் அவ்வளவு சமாதானம் அதற்கு முன் இருந்ததில்லை.

இந்த நேரத்தில்தான் ஸ்டெல்லாமேரிக்கு அந்தச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குச் சைகோனில் உத்தியோகம். லீவில் வந்திருக்கிறான், அடுத்த மாதம் கப்பல். தகப்பனார் பிரான்சுவாவும் இருபது வருஷம் சைகோனில் இருந்து பென்ஷனோடும் ஒரு தங்கப் பல்லோடும் திரும்பியவர், மனைவியை இழந்தவர். அவர் நகை கேட்கவில்லை, சீர் கேட்கவில்லை. பையனுக்கு வெள்ளைக்காரச் சாப்பாடுதான் ஒத்துக்கொள்ளும், பெண்ணுக்கு அது வருமா என்று மட்டும் கேட்டார். ஸ்டெல்லாமேரிக்கு இருபத்து நான்கு முடிந்திருந்தது. இதுவரை வந்து பார்த்தவர்கள் ஐந்து பேர், திரும்பி வந்தவர் யாருமில்லை. அமலநாதன் இரவில் விழித்துக்கொண்டு கிடந்தது கடவுளுக்குத்தான் தெரியும்.

அதனால் பொய் சொன்னார்.

"ருமேனியா ஹோட்டல் சமையக்காரர்கிட்டயே பழகினவ, முசே. அதே கைப்பக்குவம்."

பிரான்சுவா லேசுப்பட்டவர் இல்லை. போன வியாழக்கிழமை அமலநாதன் சாப்பிட்டுப் போன பிறகு தனியாக அந்த ஹோட்டலுக்குப் போய்ச் சாப்பிட்டுப் பார்த்தார். கண் கலங்கிவிட்டதாம். இந்தப் பக்குவம் உள்ள பெண் என்றால் நாளைக்கே பரிசம் போட்டுவிடலாம், அதற்கு முன் உங்கள் வீட்டில் ஒரு வேளை சாப்பிடுகிறேன் என்றார். அவர் வீட்டில் சாப்பிட்டால் பெர்னதெத்தின் களியை அல்லவா சாப்பிடுவார்? வீடு எதற்கு, நாம் எல்லாரும் அந்த ஹோட்டலுக்கே போவோம் என்று அமலநாதன் அவசரமாக அழைத்துவிட்டார்.

இப்படித்தான் மூவரும் அன்று ஏழு மணிக்கு ருமேனியா ஹோட்டலில் உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமாக வாசலிலேயே நின்று கைகுலுக்கும் பேதுரு துரையைக் காணோம். பரிமாறுகிற பக்கிரி மட்டும் வந்தான். ஐம்பது வயது, எதற்கும் பதறாத ஆள். பெர்னதெத்தைப் பார்த்ததும் அவனுக்குக் கையிலிருந்த கரண்டி நழுவிக் கீழே விழுந்தது. பெர்னதெத் தலையை லேசாக ஆட்டினாள். மனைவி கரண்டிச் சத்தத்துக்கு மிரண்டுவிட்டாள் என்று அமலநாதன் நினைத்துக்கொண்டார்.

"துரை எங்கே?"

"சமையல்கட்டுல இருக்காரு முசே. இன்னிக்கு அவரேதான் சமைக்கிறாரு."

அமலநாதன் மார்பை நிமிர்த்தினார். "பாத்தீங்களா முசே பிரான்சுவா? நமக்காக முதலாளியே அடுப்புல நிக்கிறாரு."

முதலில் புளிப்பு சூப் வந்தது. பிரான்சுவா ஒரு வாய் வைத்தார். அவருடைய இடது கண் தானாக மூடிக்கொண்டது. அமலநாதனும் குடித்துப் பார்த்தார். தொண்டை எரிந்தது.

"புளிப்புக்காகக் காடியை ஊத்தியிருக்காரு," என்றாள் பெர்னதெத் மெதுவாக. "மாங்கா போட்டிருக்கணும்."

"ருமேனியாவுல ஏதுடி மாங்கா?" என்று பல்லைக் கடித்த அமலநாதன், விருந்தாளியைப் பார்த்துச் சிரித்து, அந்த நாட்டுப் பெரிய மனிதர்கள் இதை இன்னும் புளிப்பாகக் குடிப்பார்கள் என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்ற முழுக் கோப்பையையும் குடித்தார். பக்கிரி அதைப் பசி என்று எடுத்துக்கொண்டு இன்னொரு கோப்பை ஊற்றினான்.

அடுத்து மமலிகா. பக்கிரி வழக்கம்போல நூலைப் பிடித்து அறுத்தான். நூல் அறுந்தது. இரண்டாவது நூலும் அறுந்தது. இதைக் கொஞ்சம் இளக்கிக் கொண்டுவரச் சொல்லி அமலநாதன் திருப்பி அனுப்பினார். திரும்பி வந்தபோது அது தட்டில் நிற்காமல் மேசை விரிப்பில் ஓடி, பிரான்சுவாவின் சைகோன் பட்டுச் சட்டையின் கைக்குள் புகுந்தது.

பெர்னதெத் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "ஏங்க, நான் ஒரு எட்டு உள்ள போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

அமலநாதன் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தார். விருந்துக்கு வந்த இடத்தில் சமையல்கட்டுக்குள் போய் நின்றால் மானம் என்ன ஆவது?

"உனக்குத் தெரிஞ்சது களி. இது மமலிகா. கம்முனு உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். உள்ளே ஏதோ பெரிய பாத்திரம் விழுந்தது. பேதுரு துரை தன் பாஷையில் உரக்க ஏதோ சொன்னார். பிரார்த்தனை மாதிரித் தெரியவில்லை.

கடைசியில் கோஸ் இலையில் கறி பொதிந்த சர்மாலே வந்தது. பொட்டலம் பிரிந்து போகாமலிருக்க மெக்கானிக் துரை ஒவ்வொன்றையும் நூல் போட்டுக் கட்டியிருந்தார். அதை யாரும் சொல்லவில்லை. பிரான்சுவா கடித்து மென்று விழுங்கப் போனவர், பாதியில் நின்று, வாயிலிருந்து நூலை இழுக்க ஆரம்பித்தார். அது வந்துகொண்டே இருந்தது. நுனி தங்கப் பல்லில் மாட்டிக்கொண்டது. உதவிக்குப் போன அமலநாதன் பிடித்து இழுத்த இழுப்பில் பல்லும் கூடவே வந்து சூப்பில் விழுந்தது.

பெர்னதெத் தன் கரண்டியால் பல்லை எடுத்து, துடைத்து, மரியாதையாக நீட்டினாள். பிரான்சுவா அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"முசே அமலநாதன், போன வாரம் நான் சாப்பிட்டது தேவலோகம். அதைச் சமைச்ச கை இது இல்ல."

"இன்னிக்கு ஏதோ கைத்தவறுதலா..."

"உங்க பொண்ணுக்குச் சொல்லிக்குடுத்ததா சொன்னீங்களே, அந்தச் சமையக்காரரை இங்க கூப்பிடுங்க. அவர் வாயால கேட்டுக்கறேன். இல்லன்னா இந்தச் சம்பந்தத்தை இதோட மறந்துடுங்க."

அமலநாதனுக்கு மகள் முகம் ஞாபகத்துக்கு வந்தது. இந்தப் பாழாய்ப்போன பொய்யைச் சொல்லாமல், வீட்டுக் களியையே போட்டுக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கலாம் என்று முதல் தடவையாகத் தோன்றியது. பக்கிரியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். சமையல்காரர் ஊருக்குப் போயிருக்கிறார், செத்துப்போனார், எதையாவது சொல்லித் தொலை என்பது அதன் அர்த்தம்.

பக்கிரி அவரைப் பார்க்கவில்லை. பெர்னதெத்தைப் பார்த்தான். அவள் மிதிபட்ட காலைத் தடவிக்கொண்டே ஒரு பெருமூச்சு விட்டு, சொல்லிவிடு என்பது போலத் தலையசைத்தாள். பக்கிரி தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"எட்டு மாசமா இந்த அம்மாவும் அவங்க பொண்ணும்தான் முசே இங்க சமைக்கிறாங்க. பொண்ண ஊட்ல வச்சிப் பூட்டிட்டு, அம்மாவ இட்டாந்து மேசையில உக்கார வச்சிட்டு, சாப்பாடு சரியில்லன்னா நாங்க இன்னா பண்றது?"