பொட்டிக்குப் போட்ட துண்டு

ஒரு பாட்டைக் கேட்டதும் அதன் வெப்பநிலையைச் சொல்லக்கூடிய மனிதர், பாபநாசத்திலிருந்து கடல்வரை தாமிரபரணியின் இரு கரையிலும் தேடினாலும், பொட்டி பாய் ஒருவர்தான். நான் முப்பது வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன். பாட்டுக்கு வெப்பநிலை கிடையாது என்று அவரிடம் பலமுறை நிரூபித்திருக்கிறேன். அவர் ஒருமுறைகூடத் தோற்றதில்லை.

வண்ணாரப்பேட்டை டீக்கடையில் ஒருநாள் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பாய் ஒரு வாய் டீ குடித்துவிட்டு, "ஆறிப்போச்சுவே" என்றார். கடைக்காரர் பதறிப்போய் வேறு டீ கொடுத்தார். "இதுவும் ஆறிப்போச்சு." மூன்றாவது கிளாஸ் கொதிக்கக் கொதிக்க வந்தது. நாக்கைச் சுட்டுக்கொண்டு, "டீயச் சொல்லல அண்ணாச்சி, பாட்டச் சொல்லுதேன்" என்றார். அந்தக் கடையில் எங்களுக்கு இன்றும் மரியாதை குறைவு.

இந்தச் சூட்டுக்கெல்லாம் காரணம் ஒரு பொட்டி. பாய் சவுதியில் தம்மாம் நகரில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். ஊர் திரும்புகிறவர்கள் எல்லாம் கம்பளியும் அத்தரும் கொண்டுவர, இவர் ஓர் ஒலிப்பதிவுக்கூடம் கழித்துக்கட்டிய பதினோரு கிலோ இரும்புப் பெட்டியைத் தூக்கிவந்தார். மைக்கில் பாடும் குரலை வாங்கிப் பெருக்கிக் கொடுக்கும் பெட்டி. உள்ளே பழைய ரேடியோவில் இருப்பது போல ஒரு வால்வு; முகத்தில் இரண்டு பெரிய கறுப்புக் குமிழ்கள். விமான நிலையத்தில் இது என்ன என்று கேட்ட அதிகாரியிடம், "கொரலச் சூடாக்குத அடுப்பு" என்று உண்மையைச் சொன்னதால், மூன்று மணி நேரம் உட்காரவைத்துவிட்டார்கள்.

மேலப்பாளையத்தில் அவர் வீட்டைச் சுற்றி ஓயாத ஆட்டோச் சத்தம். அதனால் பாட்டுப் பதிவு பாளையங்கோட்டையில், என் வீட்டுப் பின்னறையில். எதிரொலி கூடாதென்று சுவரெல்லாம் பத்தமடைப் பாய்களைத் தொங்கவிட்டார். சுவரில் எட்டுப் பாய், தரையில் ஒரு பாய். மின்விசிறி நிற்கும், கடிகாரம் நிற்கும்.

"மதினி, குக்கர் விசிலு பாட்டுல விழுந்துரும்!"

"சோறு வேணுமா பாட்டு வேணுமா, பாய்?" என்பாள் உள்ளிருந்து என் மனைவி.

"ரெண்டும் வேணும் மதினி. பைய வேவட்டும்."

பொட்டியைப் போட்டுவிட்டு, காய்ச்சல் பார்ப்பது போல அதன் தலையில் உள்ளங்கையை வைத்து இருபது நிமிடம் காத்திருப்பார். பிறகு இடது குமிழைப் பிடித்துக்கொண்டு பாடுவார். சும்மா சொல்லக்கூடாது, நல்ல குரல்.

பெங்களூரிலிருந்து என் மகள், அந்தப் பொட்டியின் வேலையைக் கணினிக்குள்ளேயே செய்துவிடும் மென்பொருள் ஒன்றை அனுப்பினாள். பிளக்-இன் என்று பெயர். திரையில் அதே மாதிரிப் பொட்டி, அதே மாதிரிக் குமிழ். மூலையில் ஒரு கீறல்கூட வரைந்திருந்தார்கள். பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"படமால்லா இருக்கு?"

"படம்தான். ஆனா வேலை செய்யும்."

"படத்துல இருக்க ஆத்துல நீரு குளிப்பீராவே?"

அது என்னைச் சீண்டிவிட்டது. ஒருநாள் பொட்டி கொர்ரென்று இரைந்தது. பாய் முகம் கழுவப் போன நேரத்தில், மைக் வயரைப் பொட்டியிலிருந்து பிடுங்கிக் கணினிப் பக்கம் செருகி, பிளக்-இன்னைப் போட்டேன். பொட்டி சும்மா எரிந்துகொண்டிருந்தது. பின்புறம் தெரியாமலிருக்க என் துண்டை அதன்மேல் போட்டேன்.

"பொட்டிக்கு என்னவே துண்டு?"

"தூசி" என்றேன்.

பாடி முடித்து, பதிவைக் கேட்டார். கண் கலங்கிவிட்டது. "பாத்தீரா, இது பொட்டி! உம்ம படத்துக்கு வருமா இந்தச் சூடு?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். முதல் வாரம் உள்ளூரச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. சொல்லும் தைரியமும் வரவில்லை. இரண்டு வருடம், பதினான்கு பாட்டு, ஒரே துண்டு. படித்தவன் நான், சோதனை என்று பெயர் வைத்துக்கொண்டு நண்பனை ஏமாற்றினேன்.

போன வருடம் கத்தாரில் அவர் மகளுக்கு முதல் பிள்ளை பிறந்தது. நாற்பது நாள் கழிவதற்குள் வாப்பாவின் குரலில் ஒரு தாலாட்டு வேண்டும் என்றாள். ஒரு வாரம்தான் பாக்கி இருந்தது. அப்போது பார்த்துப் பொட்டி புகைந்து அணைந்தது.

"பொட்டி மவுத்தாயிட்டுவே" என்று பாய் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வால்வு வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், மூன்று மாதம் ஆகும் என்று டவுன் ரிப்பேர் கடைக்காரர் அதை வாங்கி வைத்துக்கொண்டார். பொட்டி இல்லாமல் பாட மாட்டேன் என்றார் பாய். "பச்சப் புள்ளைக்கு ஆறின பாட்டாவே குடுப்பேன்?" மகள் அழைத்தால் போனை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் அப்படியே போயிற்று.

நாலாம் நாள் காலை மேலப்பாளையம் போனேன். உண்மையைச் சொன்னால் பிள்ளைக்குத் தாலாட்டு கிடைக்கும். எனக்குப் பாய் கிடைக்க மாட்டார். சொல்லிவிட்டேன். வயர், பிளக்-இன், துண்டு, பதினான்கு பாட்டு, எல்லாவற்றையும்.

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தெரியும்வே."

"என்ன தெரியும்?" என்றேன்.

"நாலாவது பாட்டுலயே வயரு பொட்டியில இல்லாதத பாத்துட்டேன். எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

"பின்ன ஏன் ஓய் சொல்லல?"

"சொன்னா, படம் ஜெயிச்சிட்டுன்னு மாட்டுச்சந்த வரைக்கும் கேக்கக் கத்துவீரு. அதோட, துண்ட மறக்காமப் போடுத உம்ம மொகம் இருக்கே..." சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது.

"அப்ப பொட்டி இல்லாமலே பாட வேண்டியதுதான?"

சிரிப்பு நின்றது. தன் இடது கையைப் பார்த்துக்கொண்டார்.

"மைக்கு முன்னால நின்னா கை ஆடும்வே. கை ஆடுனா கொரலும் ஆடிரும். சின்ன வயசுல ஒரு கல்யாண மேடையில இருந்து பாதிப் பாட்டுல எறங்கி ஓடுனவன் நான். புடிச்சிக்க ஒரு குமிழு வேணும். இத எப்படிவே வெளிய சொல்ல? அதான் சூடுன்னு சொன்னேன்."

ஆட்டோ பிடித்து டவுனுக்குப் போனோம்.

"இன்னும் வால்வு வரலையே, அண்ணாச்சி" என்றார் கடைக்காரர்.

"வால்வு கெடக்கட்டும். குமிழு திரும்புதா?" என்றார் பாய்.

கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, திருகிக் காட்டினார்.

அன்றே பதிவு. செத்த பொட்டியின் தலையில் பாய் பழக்கதோஷத்தில் இருபது நிமிடம் கை வைத்துக் காத்திருந்தார். என் மனைவி யாரும் சொல்லாமலே குக்கரை இறக்கிவைத்தாள். மறுநாள் கத்தாரிலிருந்து மகளின் குரல் வந்தது:

"வாப்பா, புள்ள கேட்டுக்கிட்டே உறங்கிட்டான். பொட்டியோட சூடு என்னமா இருக்கு!"

பாய் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த பாயைப் பார்த்தேன்.

வால்வு வந்துவிட்டதென்று கடைக்காரர் பலமுறை அழைத்துவிட்டார். நாங்கள் போகவில்லை. பாட்டு இப்போது பகிரங்கமாகவே பிளக்-இன் வழியாகப் போகிறது. பொட்டி வயர் எதுவும் இல்லாமல் மேசைமேல் இருக்கிறது. மௌஸைப் பிடிக்க எனக்கு ஒரு கை போதும். பாய் மேல்ஸ்தாயிக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பும்வரை என் இன்னொரு கைதான் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. பொட்டியில் இரண்டு குமிழ்கள் என்று சொன்னேன் அல்லவா? வலது குமிழ் என்னுடையது.